வளையாத ஆணி

தமிழ்த்துறையில் பயின்ற நாங்கள் இருவரும் ஒரு செய்யுளில் எதுகை எது, மோனை எது என்று இமைப்பொழுதில் கூறிவிடுவோம். ஆனால் ஓர் எஞ்சினைத் திறந்துவைத்து, அதன் உறுப்புகளுள் எது எதனைக் காக்கிறது என்று யாரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்போம். அந்த அறியாமை ஒரு சிறுவனின் உயிரோடு விளையாட இருந்தது. அதனை இம்மலரின் வாயிலாக இளையவர்களுக்குச் சொல்லிவைப்பது எங்கள் கடமை என்று கருதுகின்றோம்.

1995ஆம் ஆண்டு பிழைப்பை நாடி நாங்கள் மலேசியாவின் சரவாக் மாநிலத்துக்குச் சென்றிருந்தோம். போர்னியோத் தீவில் உள்ள அம்மாநிலத்தின் ராஜாங் ஆறு ஏறத்தாழ 560 கிலோமீட்டர் நீளமுடையது. மலேசியாவிலேயே மிக நீண்ட ஆறு அதுதான். அதன் கரையில், சிபு நகருக்கு மேலே அமைந்த சிற்றூர் கபிட். அந்நாளில் சிபுவிலிருந்து கபிட்டுக்குச் சாலை கிடையாது, ஆறே சாலை. கபிட்டைக் கடந்து சென்றால் பாலே என்னும் ஆறு வந்து ராஜாங்குடன் கலக்கும். அந்தப் பாலேயின் கிளையாறு ஒன்றில் மழைமானியும் நீர்மட்டமானியும் நிறுவப்பட்டிருந்தன. மாதந்தோறும் அங்கே சென்று பதிவுத்தாள்களை மாற்றி வருவதே எங்களுக்கு இடப்பட்ட பணி.

கிளையாற்றின் முகத்துவாரம் வரை பயணிகள் படகு செல்லும். அதற்கப்பால் நீண்டு ஒடுங்கிய மரப்படகுதான். அதன் பின்புறத்தில் மாட்டித் தொங்கவிட 5 குதிரைத்திறன் கொண்ட சிறிய அவுட்போர்டு எஞ்சின் ஒன்றை எங்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். படகு செலுத்த இபான் இனத்து முதியவர் ஒருவர் உடன் வருவார். அவரை நாங்கள் 'அகி' என்று அழைப்போம். இபான் மொழியில் அச்சொல்லுக்குப் பாட்டனார் என்பது பொருள்.

முதற்பயணத்துக்கு நாங்கள் செய்த ஆயத்தத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அரிசியும் கருவாடும் கொசுவலையும் மறவாமல் எடுத்துவைத்தோம். பெட்ரோலையும் நிறைய எடுத்துக்கொண்டோம். எஞ்சினுக்கென்று ஒரு ஸ்பேனரும் ஒரு குறடும் மட்டும் எடுத்தோம். "மாற்று ஊசி இருக்கிறதா?" என்று அகி கேட்டார். எந்த ஊசி என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. இருக்கும் என்று சொல்லிவிட்டோம்.

அவர் கேட்டது ஷியர் பின் என்னும் சிறு பித்தளைத் துண்டு. எஞ்சினின் அச்சையும் நீரைத் தள்ளும் விசிறியையும் அதுதான் பிணைக்கிறது. விசிறி பாறையிலோ மூழ்கிய மரத்திலோ மோதினால், அந்த ஊசி ஒடிந்து விசிறியை அச்சிலிருந்து விடுவித்துவிடும். உள்ளிருக்கும் கியர்ப் பற்கள் பிழைத்துக்கொள்ளும். ஒடிய வேண்டும் என்பதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்ட உறுப்பு அது.

முதல்நாள் பிற்பகலில் கூழாங்கல் திட்டொன்றில் விசிறி உரசியது. ஊசி ஒடிந்தது. எஞ்சின் உறுமிற்று, படகு நகரவில்லை. மாற்று ஊசிக்காக எங்கள் பையைத் துழாவிய அகி, எங்களை ஒருமுறை பார்த்தார். பித்தளைக் கம்பி ஏதேனும் உண்டா என்று கேட்டார். இல்லை. நாங்கள் பலகைப் பெட்டியிலிருந்து ஓர் இரும்பு ஆணியைப் பிடுங்கி, அளவாக வெட்டிச் செருகினோம். "இரும்பு வேண்டாமே" என்றார் அவர். எஞ்சின் ஓடிற்று. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மாலையில் இபான் மக்களின் நெடுவீடு ஒன்றில் தங்கினோம். அங்கே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலும் வயிற்றுவலியுமாகச் சுருண்டு கிடந்தான். வீட்டின் எஞ்சின்களை எடுத்துக்கொண்டு ஆடவர் மரம்வெட்டும் முகாமுக்குச் சென்றிருந்தனர். "காலையில் உங்கள் படகில் அழைத்துச் செல்வீர்களா?" என்று அவன் தாய் கேட்டாள். நான்கு மணி நேரத்தில் முகத்துவாரத்தை அடைந்துவிடலாம் என்று உறுதி கூறினோம்.

விடிந்ததும் புறப்பட்டோம். சிறுவனை எண்ணி, அகி தடுத்தும் கேளாமல், வேகத்தை முழுமையாகக் கூட்டினோம். அரைமணி நேரங்கூடச் சென்றிருக்க மாட்டோம். நீருள் கிடந்த மரமொன்றில் விசிறி முழுவேகத்தில் மோதியது. ஆணி ஒடியவில்லை. கியர்ப் பற்கள் நொறுங்கின. அன்று பகல் முழுவதும் துடுப்பு வலித்தோம். இருள் சூழ்ந்தபின் பாறைகளுக்கு அஞ்சி மணல்திட்டில் ஒதுங்கினோம். இரவெல்லாம் அச்சிறுவன் முனகிய ஒலி இன்றும் எங்கள் செவிகளில் இருக்கிறது. தாய் எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் முற்பகலில் முகத்துவாரத்தை அடைந்து, பயணிகள் படகேறிக் கபிட் சேர்ந்தோம். குடல்வால் அழற்சி என்றும், மேலும் தாமதித்திருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றும் மருத்துவர் கூறினார். அறுவைக்குப்பின் சிறுவன் பிழைத்தான்.

அன்று மாலை அகி, விசிறியைக் கழற்றி அந்த ஆணியை எங்கள் உள்ளங்கையில் வைத்தார். "பாருங்கள், இது வளையக்கூட இல்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய நாள் முழுவதும் எஞ்சினுக்கே உரியதாயிற்று. ஷியர் பின் ஆறு, அதைத் தாங்கும் காட்டர் பின் ஆறு, மாற்று விசிறி ஒன்று, ஸ்பார்க் பிளக் இரண்டு, இழுத்து இயக்கும் கயிறு ஒன்று ஆகியவற்றை மூடியுள்ள டப்பாவில் இடுவோம். கருவிகளைக் கயிற்றால் படகில் கட்டிவைப்போம். கைதவறினால் ஆறு திருப்பித் தராது. கியர் எண்ணெயைச் சொட்டுவிட்டுப் பார்ப்போம். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினைத் தொட்டி நீரில் ஓடவிட்டு, பக்கத் துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை வருகிறதா என்று நோக்குவோம். அது நின்றால், குளிர்விக்கும் நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் மணலில் தேய்ந்திருக்கலாம். எங்கள் எஞ்சினுக்கு 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் எண்ணெய் என்பது கணக்கு. பெட்ரோலைத் தெளியவிட்டு வடிகட்டுவோம். நீர் கலந்திருந்தால் அடியில் தங்கிவிடும். எரிபொருளில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மூன்றாம் பங்கு எதிர்பாராததற்கு. ஆழமற்ற நீரில், மோதினால் எஞ்சின் தானே மேலெழும்படி அதன் பூட்டை விலக்கி வைப்போம். அதிர்வில் திருகுகள் தளர்ந்தாலும் நீரில் விழாதிருக்க, எஞ்சினையே படகோடு கயிற்றால் பிணைப்போம். படகில் ஏறுமுன் அகி டப்பாவைத் திறந்து ஊசிகளை எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை நாங்கள் பேசுவதில்லை.

இன்று கபிட்டுக்குச் சாலை வந்துவிட்டது. எண்ணெய் கலக்கத் தேவையற்ற எஞ்சின்களும் வந்துவிட்டன. ஆயினும் சாலை முடியுமிடத்தில் ஆறு தொடங்குகிறது. ஆற்றில் பாறைகள் அப்படியேதான் இருக்கின்றன.

ஆயத்தம் என்பது எதுவும் உடையாது என்று நம்பிக்கொள்வதன்று. எது உடையும், உடைந்தால் யார் துன்புறுவார் என்று முன்னரே எண்ணிப் பார்ப்பதாகும். எங்கள் எழுதுமேசையில் அந்த இரும்பு ஆணி இன்றும் இருக்கிறது. துருவேறிவிட்டது, ஆனால் நேராகவே இருக்கிறது. அதன் அருகே, பின்னொரு பயணத்தில் பாறையில் மோதி இரண்டாக ஒடிந்த பித்தளை ஊசி ஒன்றையும் வைத்திருக்கின்றோம். அன்று பத்தே நிமிடங்களில் மாற்று ஊசியைச் செருகிப் பயணத்தைத் தொடர்ந்தோம்.