பிள்ளைகள் பெயரில் இரண்டு பத்திரங்கள்

2023ஆம் ஆண்டு தவக்காலத்தின் நடுவில், ஒரு மாலை வேளை, நமது பங்கு இல்லத்தின் வாயிலில் ஒரு தாய் வந்து நின்றார். கையில் இரண்டு கடிதங்கள். அவருடைய கணவர் தச்சுத் தொழிலாளி. 38ஆம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தவர். முப்பதாம் நாள் திருப்பலியை முந்திய வாரந்தான் நாம் நிறைவேற்றியிருந்தோம்.

"சாமி, அவரே போயிட்டாரு. பிள்ளைங்க பேருக்கு இன்னும் பணம் கட்டச் சொல்லி வந்திருக்கு. இதையும் கட்டணுமா?" என்று கேட்டார்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அறியாமை மட்டுமே அதற்குக் காரணமன்று. 2017ஆம் ஆண்டில், ஆயுள் காப்பீட்டு முகவரான பங்கு மக்களுள் ஒருவர், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் சில நிமிடங்கள் பேச அனுமதி வேண்டினார். நாமும் இசைந்தோம். இசைந்ததோடு நில்லாமல், "நல்ல காரியம், எல்லாரும் சேர்ந்து கொள்ளுங்கள்" என்று நம் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்த்தோம். அவர் என்ன விற்கிறார் என்று நாம் கேட்கவில்லை. அந்தத் தச்சர் வீட்டில் "சாமியே சொல்லிட்டாரு" என்பதே போதுமானதாயிற்று.

கடிதங்களை வாங்கிப் படித்த பின்னரே முழு நிலையும் விளங்கியது. தம் உயிரின்மேல் அவர் எடுத்திருந்தது ஒரு இலட்ச ரூபாய்ப் பத்திரம். இருபது ஆண்டுத் தவணை. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய். 2019இல் இரண்டு பெண் குழந்தைகளின் பெயரிலும் ஒவ்வொன்று எடுத்து, ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டி வந்தார். பிள்ளைகள்மீது கொண்ட பாசம் அது. ஆனால் அவ்விரண்டு பத்திரங்களிலும் காக்கப்பட்ட உயிர் யாருடையது? குழந்தைகளுடையது. உழைத்து ஊட்டியவர் தந்தை; அவர் மறைந்தால் அப்பத்திரங்களிலிருந்து ஒரு காசும் வராது. தந்தை இறப்பின் பிற்காலத் தவணைகளைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் உறுப்பு ஒன்று உண்டு. அதையும் அவர் சேர்த்திருக்கவில்லை. ஆகவே இறந்தவரின் வீட்டிற்குத் தவணைக் கடிதம் வந்து சேர்ந்தது.

அம்மையாருடன் கிளை அலுவலகத்திற்கு நாமும் சென்றோம். நான்கு ஆண்டுகள் கட்டியிருந்ததால், மேற்கொண்டு கட்டாமலேயே அவ்விரண்டையும் குறைந்த தொகைக்கு நிறுத்திவைக்கலாம் என்றார்கள், அப்படியே செய்தோம். தந்தையின் பத்திரத்திற்குப் போனசும் சேர்ந்து வந்தது ஒன்றேகால் இலட்சத்தைச் சற்று எட்டாத தொகை. அடக்கச் செலவும் கைமாற்றும் போக எஞ்சியது சிறிதே.

அன்றிரவு ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். அக்குடும்பத்தின் செலவு மாதம் 15,000, ஆண்டுக்கு 1,80,000. இளைய மகளுக்கு அப்போது வயது ஒன்பது. அவள் தன் காலில் நிற்கப் பன்னிரண்டு ஆண்டுகளாவது வேண்டும். பெருக்கினால் 21,60,000. வீட்டுக் கடன் பாக்கி 2,40,000. ஆக 24 இலட்சம். விலைவாசி ஏற்றத்தையும், பணம் ஈட்டும் வட்டியையும் ஒன்றுக்கொன்று சரியாகத் தள்ளிவிட்ட தோராயக் கணக்கு இது. குடும்பத்திற்கு வேண்டியது 24, இருந்தது ஒன்று. ஆனால் ஆண்டுதோறும் அவர் கட்டியதோ 17,000 ரூபாய்!

இல்லறத்தார் இங்கேதான் நின்று சிந்திக்க வேண்டும். சேமிப்பு வேறு, காப்பீடு வேறு. இரண்டையும் ஒரே பானையில் இட்டுச் சமைத்த பத்திரங்களில் தவணையின் பெரும்பகுதி சேமிப்புக்கே போகிறது. "பணம் திரும்பி வருமா?" என்று நம் மக்கள் முதலில் கேட்பதால் முகவர்களும் அதையே கொண்டு வருகிறார்கள்; அவர்களை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. காலம் முடிந்தும் உயிரோடிருந்தால் ஒன்றும் திரும்பாத, இறந்தால் மட்டும் பெருந்தொகை தரும் டெர்ம் பாலிசியில், அதே 17,000க்குப் பல மடங்கு காப்பு கிடைத்திருக்கும். வருமானச் சான்று இல்லாத தொழிலாளிக்கு அதை யார் தருவார் என்பது நியாயமான கேள்வியே. அத்தகையோரை மனத்திற்கொண்டே, தொழிலோ படிப்போ தடையாகாத 'சரல் ஜீவன் பீமா' என்னும் பொதுப் பத்திரம் 2021 சனவரியில் வந்தது. 5 இலட்சம் முதல் 25 இலட்சம் வரை அதற்கு வரம்பு வைத்தார்கள்.

இன்னும் எளியதொன்று உண்டு. வங்கிக் கணக்குள்ள 18 முதல் 50 வயதினர் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால், எக்காரணத்தால் இறந்தாலும் வீட்டாருக்கு 2 இலட்சம். சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாய் கட்டினால், விபத்து மரணத்திற்கு மேலும் 2 இலட்சம். இரண்டும் சேர்ந்து 456 ரூபாய். நமது தச்சருக்கு வங்கிக் கணக்கு இருந்தது, படிவந்தான் கொடுக்கப்படவில்லை.

நாளையைக் குறித்துக் கவலைப்படுவது நம்பிக்கைக் குறைவல்லவா என்று சில முதியோர் நம்மிடம் வினவியதுண்டு. எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்த்தார். அவரை யாரும் நம்பிக்கையற்றவர் என்றதில்லை. மனைவி மக்களற்ற நாம் இதைப் பேசுவது சிலருக்கு நகைப்பாகவும் இருக்கலாம். ஆனால் சாவு வீட்டிற்கு முதலில் அழைக்கப்படுவோருள் நாமும் ஒருவர்.

மற்றொன்று. திருமணத்திற்குமுன் எடுத்த பத்திரத்தில் பெரும்பாலும் தாயின் பெயரே நியமனதாரராக இருக்கும். மணமான பின் மாற்றுவோர் சிலரே. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின், நியமிக்கப்பட்ட தாயோ தந்தையோ மனைவியோ பிள்ளையோ அத்தொகைக்கு வெறும் பெறுநர் அல்லர், உரிமையாளரே. மாமியாரும் மருமகளும் இதனால் பேசாமற்போன ஒரு வீட்டை நாம் அறிவோம். ஆதலால் இப்போதெல்லாம் ஓலை வாசிக்க மணமகன் வரும்போது, ஞானஸ்நானச் சான்றிதழோடு இதையும் கேட்டுவிடுகிறோம். விழிக்கிறார்கள். விழிக்கட்டும்.

நோய்களை மறைத்துப் படிவம் நிரப்புதல் கூடாது. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் மரணம் நேர்ந்தால், மறைத்ததைக் காட்டி நிறுவனம் மறுக்க இடமுண்டு. முகவர் "சர்க்கரை வேண்டாம், எழுதாதீங்க" என்றாலும் எழுதுங்கள்.

அந்த முகவரோடு நாம் பின்னர் பேசினோம். நல்லவர், கண் கலங்கினார். பூசைக்குப் பின் விற்பனை அறிவிப்புகளுக்கு நமது பங்கில் இப்போது இடமில்லை.

2024 சூன் முதல் ஞாயிறன்று அந்தத் தாய் கோவில் முற்றத்தில் நம்மை நிறுத்தினார். தையல் கூலியில் இப்போது குடும்பத்தை நடத்துபவர் அவர்தாம். வங்கிப் புத்தகத்தை விரித்து, இரண்டு வரிகளைச் சுட்டிக் காட்டினார்: ஒன்றில் 436, மற்றொன்றில் 20.

"ரெண்டும் பிடிச்சுட்டாங்க சாமி. பெரியவகிட்டயும் புத்தகம் எங்க இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றார்.