புது வீடும் மூன்று பெரியவர்களும்

நாம் ஒரு வீடு கட்ட முனைந்திருக்கிறோம். வீடு கட்டுவது உலகத்தில் நடவாத காரியமா, இதனைப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். நம் குடும்பத்தைப் பொறுத்தமட்டில் அஃது இதுவரை நடவாத காரியமே. நம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் போய்ச் சேர்ந்தது தோட்டத்து லயம். நம் தந்தையார் பிறந்ததும், பால்மரம் வெட்டியதும், மணமுடித்ததும், நம்மை வளர்த்ததும் லயத்திலேதான். மூன்று தலைமுறையாக நாம் சாய்ந்து உட்கார்ந்த சுவர் ஒவ்வொன்றும் தோட்டத்து நிர்வாகத்திற்குச் சொந்தமாயிருந்தது. சன்னலை எந்தப் பக்கம் வைப்பது, எந்த அறையில் யார் படுப்பது என்று நாமே தீர்மானிக்கும் உரிமை இப்போதுதான் முதன்முறையாக நம் கைக்கு வந்திருக்கிறது. வந்தவுடனே வீட்டில் வாக்குவாதமும் வந்துவிட்டது. ஆதலின் எழுதுகிறோம்.

லயத்து வீட்டை அறியாத பட்டணத்து இளைஞர் இன்று பலர் உளர். நம் குடும்பம் இருந்த அறை 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு சிறு அஞ்சடி, பின்னால் ஓர் அடுப்படி, வெளியே வரிசை முழுவதற்கும் பொதுவான தண்ணீர்ப் பீலி. அந்த அறையில் எட்டுப்பேர் படுத்தெழுந்தோம். பாட்டனாருக்குத் தனி இடம் இல்லை. ஆனால் அஞ்சடியில் அவருடைய சாக்குக் கட்டில் கிடந்தது, போவோர் வருவோரெல்லாம் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே போவார்கள். இடநெருக்கடியைப் புகழ நாம் விரும்பவில்லை. எட்டுப்பேர் ஓரறையில் இருந்ததை ‘அந்நாளின் ஒற்றுமை’ என்று கண்ணீர் மல்கப் பேசுவோரைக் கண்டால் நமக்குச் சிரிப்பே வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் இப்போது அறைக்கு ஒரு குளிர்சாதனம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இடநெருக்கடியைவிடக் கொடியது ஒன்று அங்கே இருந்தது. லயத்து வீடு வேலைக்காரனுக்கு உரியது. வேலை நின்றால் வீடும் நின்றது. கை நடுங்கிப் பால்வெட்டுக்கு உதவாமற்போன கிழவர், பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்துப் பதிவில் இருந்தாலொழிய, மூட்டை கட்டவேண்டியவராயிருந்தார். மகனைப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டைக் காப்பாற்ற அவனையும் மரத்துக்கு அனுப்புவதா என்று பல தகப்பன்மார் இரவெல்லாம் விழித்திருந்ததை நாம் அறிவோம். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தபோது இளையவர்களுக்கே இடமில்லை, முதியவர்களைக் கேட்பாரார்? சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரின் சிறுசிறு பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முற்பட்டது அந்தத் துயரத்திலிருந்து பிறந்த முயற்சியே. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் பட்டணம் வந்தது. பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில் 1990-களில் புத்ராஜெயா எழுந்ததை எல்லாரும் அறிவர்.

இனி நம் வீட்டிற்கு வருவோம். நிலம் சுங்கை சிப்புட்டுக்கு அண்மையில் 40 அடி அகலமும் 80 அடி நீளமும் கொண்டது. வீட்டில் இருக்கப்போகிறவர் நாமும் நம் துணைவியாரும் இரண்டு பிள்ளைகளும். 78 வயதுத் தந்தையார். 73 வயதுத் தாயார். இவர்களுக்காகப் பிளான் வரைபவர் ஒரு மாடி வீட்டை வரைந்து கொண்டுவந்தார். பார்வைக்கு அழகான வீடு. மேலே மூன்று அறைகள், கீழே பெரிய கூடம், சமையலறை, அதன் பின்னால் ஒரு சிறு அறை. “பெரியவர்களுக்குக் கீழேயே அறை வைத்துவிட்டேன்” என்றார் அவர், நாம் மகிழ்வோமென்று எதிர்பார்த்து.

அந்த அறையை நாம் அளந்து பார்த்தோம். இந்நாட்டின் 1984-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி ஒரு வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும் குறையலாகாது. மற்ற அறைகள் 6.5 சதுர மீட்டர் இருந்தால் போதும். அந்த 6.5, அதாவது ஏறத்தாழ 70 சதுர அடி, நம் தாய்தந்தையருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் கட்டில் ஒன்று 3 அடிக்கு 6¼ அடி. இரண்டைப் போட்டால் 37 அடிக்குமேல் போய்விடும். மீதியில் ஓர் அலமாரியை நிறுத்தினால் இரண்டு முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கவேண்டும். சக்கர நாற்காலி ஒன்று திரும்புவதற்கு 5 அடி வட்டம் வேண்டும்; அது அங்கே கனவு. சன்னலைத் திறந்தால் பின்வீட்டுச் சாக்கடை. இந்நாட்டு வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் இத்தகைய அறை ஒன்று பெரும்பாலும் உண்டு. பணிப்பெண்ணுக்கோ பழைய சாமான்களுக்கோ அமைக்கப்படுவது. விதியை மீறினார் என்று பிளான்காரரைக் குறைகூற வழியில்லை. விதி கடைசி அறைக்குக் கூறும் அளவை அவர் முதியவர்களுக்குப் பொருத்திவிட்டார், அவ்வளவே.

மேல்மாடியில் நல்ல அறையைக் கொடுத்துவிடலாமே என்று நம் தமையனார் சொன்னார். பத்தரை அடி உயரம் ஏறுவதற்குப் படியொன்று 7 அங்குலமாக 18 படிகள் வேண்டும். தந்தையாருக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்தவை. அரை நூற்றாண்டு மேடுபள்ளத்தில் வாளி சுமந்ததன் ஊதியம் அது. காலையில் ஒருமுறை இறங்கினால் இரவுவரை ஏறமாட்டார். அல்லது ஏறிய பின் இறங்கமாட்டார். பின்னது நடந்தால் அவ்வறைக்கு வேறு பெயரிட வேண்டியிருக்கும்.

ஆகவே கீழே, முன்புறத்தில், 12 அடிக்கு 13 அடியில் ஓர் அறை என்று நாம் கேட்டோம். இங்கேதான் சாஸ்திரம் குறுக்கிட்டது. மனையடி பார்க்கும் அன்பர் ஒருவர், குடும்பத் தலைவன் படுக்கும் அறை தென்மேற்குக் கன்னி மூலையிலேயே இருக்கவேண்டும் என்றார். தலைவர் யார் என்று வினவினோம். “உங்கள் தகப்பனார்தாம்” என்றார். நல்லது, ஆனால் நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்குள். இங்கே வருஷம் முழுவதும் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேரே போகிறான். காலையில் கிழக்குச் சுவரையும் மாலையில் மேற்குச் சுவரையும் காய்ச்சுகிறான். மேற்குச் சுவர் பிற்பகலெல்லாம் குடித்த சூட்டை முன்னிரவு முழுவதும் உள்ளே உமிழும். பகலில் படுத்துறங்கும் முதியவர்களை அம்மூலையில் வைப்பது அவர்களை அடுப்பருகே கிடத்துவதற்கொப்பாகும். வேறு நாட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் எழுதிய கணக்கை இந்நாட்டுக்குச் சுமந்து வருவானேன்? தந்தையார் அறை கிழக்கில் என்று முடிவு செய்தோம். கன்னி மூலையில் மாடிப்படியும் சாமான் அறையும் வருகின்றன. படிக்கட்டு வியர்க்காது.

தரைமட்டத்தைப் பற்றியும் ஒரு சங்கடம் எழுந்தது. பெருமழைக் காலத்தில் அப்பக்கம் தண்ணீர் தேங்கும். ஆதலின் அடித்தளம் 18 அங்குலம் உயரவேண்டும் என்பது குத்தகைக்காரரின் கட்சி. முழங்காலோ மூன்று படிக்கு மூன்று முறை நிற்கிறது. சாய்தளம் வைத்தால் அடிக்கு ஒரு அங்குலம் என்பது கணக்கு. 18 அங்குலத்துக்கு 18 அடி நீளம். கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாக அதனை ஓட்டிவிட்டோம். அதனால் இரண்டு கார் நிற்கும் கொட்டகை ஒரு காருக்குச் சுருங்கியது. இரண்டாவது கார் நம்மிடம் இல்லையாகையால் அதன் இழப்பை எளிதில் தாங்கினோம்.

குளியலறையைப் பற்றி விரிவாக எழுதினால் நேயர்கள் முகம் சுளிப்பார்களோ என்று ஐயுறுகிறோம். எனினும் வயோதிகர் விழும் இடம் அதுவே. அறையை ஒட்டியே குளியலறை, வாசலில் படியிறக்கம் கூடாது, தரை சற்றே சாய்ந்து தண்ணீர் ஒரு மூலைக்குப் போனால் போதும், வழுக்காத ஓடு, உட்காரும் கழிவறை, அதன் பக்கத்துச் சுவரில் உறுதியான கைப்பிடி, கதவு 3 அடி அகலம், வெளிப்புறமாகத் திறப்பது. ஏன் வெளிப்புறம் என்றால், உள்ளே ஒருவர் விழுந்து கதவின் மேலேயே கிடந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ள இயலாது. கைப்பிடி பதிக்கும் இடத்தில் சுவர் கட்டும்போதே பலமாகக் கட்டிவிடவேண்டும். பிறகு ஆணி அடிக்கலாம் என்று விட்டால், ஒருநாள் அது ஆளோடு கையில் வந்துவிடும்.

தாயார் கேட்டது ஒன்றுதான். பெரட்டுக்குப் போவதற்காக நாற்பது வருஷம் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தவர் அவர். தோட்டத்தைவிட்டு வந்து இருபது வருஷமாகியும் நான்கு மணிக்குக் கண் விழித்துவிடுகிறது. “ஐயா, நான் எழுந்தால் பாத்திரச் சத்தத்தில் பிள்ளைகள் தூக்கம் கெடுகிறது. அறைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும், காப்பி போட ஓர் அடுப்பும் வைத்துவிடு” என்றார். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு ஆகாது என்று நம் சிறிய தாயார் உடனே ஆட்சேபித்தார். நம் துணைவியார்தாம் தாயார் பக்கம் நின்றார். அவருக்கும் தம் சமையலறையில் நான்கு மணிக்கு யாரும் நடமாடவில்லையென்றால் நிம்மதி. இருவரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே உடன்பட்டார்கள். தந்தையார் அறையே வேண்டாம், அஞ்சடி போதும் என்றார். இரண்டும் உண்டு, அறைக்கு முன்னால் ஆறடி அகலத்தில் அஞ்சடி வருகிறது, சாலை தெரியும் என்று சொன்ன பிறகே பிளானைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

இதுவரை வந்தது எளிய வாக்குவாதம். மூன்றாவது பெரியவரைப் பற்றியதே பெரியது.

நம் துணைவியாரின் தாயார், நம் அத்தையார், கணவரை இழந்தவர். அவர்களிருந்த தோட்டம் விற்கப்பட்டபின் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் நான்காம் மாடியில் தனியே இருக்கிறார். ஐந்து மாடிக் கட்டடம், மின்தூக்கி கிடையாது. மகன் சிங்கப்பூரில் வேலை. அங்கே வீடமைப்புக் கழகம் 2013-ஆம் ஆண்டுமுதல் மூன்று தலைமுறைக் குடும்பங்களுக்கென்றே வீடுகளை விற்பனைக்கு விடுகிறது: 115 சதுர மீட்டர், நான்கு படுக்கையறை, மூன்று குளியலறை, அவற்றில் இரண்டு அறைகளோடு ஒட்டியவை. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகள்மீது முறையிட அங்கே 1995-ஆம் ஆண்டிலேயே சட்டமும் இயற்றியிருக்கிறார்கள். ஆனால் நம் மைத்துனர் இருப்பது வாடகைக்கு எடுத்த ஓர் அறை. சட்டத்தால் அறை நீளாது.

அத்தைக்கும் கீழே ஓர் அறை என்று நாம் சொன்னபோது உறவினர் முகங்கள் மாறின. ‘பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்க் கை நனைப்பதா?’ என்றார் ஒருவர். சம்பந்திகள் ஒரே கூரையின்கீழ் இருந்தால் வீடு உருப்படுமா என்றார் மற்றொருவர். தாத்தா பாட்டி என்றாலே தந்தையைப் பெற்றவர்கள் என்றுதான் நம்மவர் மனத்தில் படிகிறது. நம் பிள்ளைகளைக் கேட்டோம்; அவர்களுக்கு இரண்டு பாட்டிகள் என்றே தெரிந்திருக்கிறது. பத்து மாதம் சுமந்து பெற்று, பதினான்கு வயதில் பால்வெட்டுக்குப் போய், மகளை ஆசிரியையாக்கி, அந்த மகளின் சம்பளத்தில் பாதி இந்த வீட்டுக் கடனுக்குப் போகையில், அவருக்கு மட்டும் அதில் இடமில்லை என்பது எந்த நியாயம்? ஊர் என்ன சொல்லும் என்கிறார்கள். அவர் பையோடு நான்கு மாடி ஏறும்போது ஊர் ஒருநாளும் பையை வாங்கியதில்லை.

நம் தந்தையார் ஒன்றும் பேசாதிருந்து, முடிவில், “தம்பி, அந்த அம்மாளும் நம்மைப்போலத் தோட்டத்துக்காரர்தானே? வரட்டும்” என்றார். அதோடு உறவினர் அடங்கினர். அடங்காதவர் அத்தை ஒருவரே.

“மாப்பிள்ளை, நான் வரமாட்டேன். சோற்றுக்கு வந்தவள் என்று நாளைக்கு யார் வாயிலும் வந்துவிடக்கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னார். நாம் வற்புறுத்தினோம், மகள் அழுதார், பயனில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே அழைத்தார். மாதம் 100 வெள்ளி வாடகை வாங்கிக்கொள்வதானால் வருகிறேன், இல்லையேல் அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். மாமியாரிடம் வாடகை வாங்கும் மருமகன் என்ற பெயர் நமக்கு இனிக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் யோசித்துப் பார்த்தோம். ஆயுள் முழுதும் பிறர் மனம் வைத்தால் இருக்கலாம், மனம் மாறினால் போகவேண்டும் என்ற வீடுகளிலேயே இருந்தவர் அவர். இந்த ஒரு வீட்டிலாவது தயவால் அன்றி உரிமையால் இருக்க விரும்புகிறார். அன்பினால் கொடுக்கிறோம் என்று நாம் சொல்வது அவர் காதில் பழைய நிர்வாகத்தின் குரலாகவே விழக்கூடும். ஆகவே ஒப்புக்கொண்டோம்.

பிளான் திருத்தப்பட்டது. அவர் அறை 10 அடிக்கு 12 அடி, பழைய லயத்து அளவே, ஆனால் ஒருவருக்கு. பக்கவாட்டில் தனி வாசல் ஒன்றும் கேட்டார்; வைத்தாயிற்று. பிள்ளைகள் இருவரும் மாடியில் ஓரறையைப் பகிர்ந்துகொள்வார்கள். கூடம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆடம்பர விருந்துகளுக்கு இனி வேறு இடம் பார்க்கவேண்டும். வரைபடங்கள் நகராண்மைக் கழகத்தின் அனுமதிக்குப் போயிருக்கின்றன. வாடகை 100 வெள்ளி என்று அத்தையும், 50 போதும் என்று நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.