பீடோரில் கேட்காத 'டிக்' சத்தம்

காரில் ஈப்போவுக்குப் போகிறவர்களைக் கேட்டால் பீடோர் என்றதும் வாத்து மீ, கொய்யாப் பழம், கட்டுக்கட்டாகத் தொங்கும் பெத்தாய் என்று அடுக்குவார்கள். வடக்கே போகும் பஸ்ஸும் லோரியும் ஒரு காலத்தில் இந்தக் கடைவரிசையைக் கடந்துதான் போக வேண்டும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமை பெற்றது. அதற்குப் பிறகு சாப்பாட்டு ஆசை இருப்பவர்கள் மட்டும்தான் டோல் கட்டி உள்ளே வருகிறார்கள்.

நாங்கள் சாப்பிட வரவில்லை. சிலிம் ரிவர் தாண்டியதும் ஏர்கோன் திடீரென்று சூடான காற்றை ஊதத் தொடங்கியது. பகல் பன்னிரண்டரை மணி. பின்னிருக்கையில் அம்மா. அறுபத்தெட்டு வயது, ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் உடம்பு வெப்பத்தில் சீக்கிரம் வற்றிவிடும், தலை சுற்றும். மறுநாள் காலை ஈப்போவில் பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம். அதனால் திரும்பிப் போகவும் வழியில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சில விஷயங்களைக் கணிக்கலாம். காற்று பலமாக வந்ததால் புளோவர் நன்றாக இருக்கிறது. வெப்பமானி முள் நடுவில் நின்றது, பேட்டரி விளக்கு எரியவில்லை. ஆக, பெல்ட் அறுந்துபோகவில்லை, என்ஜினும் கொதிக்கவில்லை. முள் ஏறியிருந்தால் ஓரங்கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஜன்னல்களை இறக்கி, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே பீடோர் வரை ஓட்டினேன். அம்மா பிறந்த தோட்டம் இந்தப் பக்கம்தான் என்பதும் ஒரு காரணம்.

தலைநகரில் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். காரைப் பார்க்காமலேயே, "கம்ப்ரஸர் போயிருக்கும், ஆயிரத்துக்கு மேல ஆகும்" என்றார்.

பழைய சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. போமனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அம்மாவுக்கு மின்விசிறி எதிரில் நாற்காலி போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, அந்த ரேடியோவ அடைச்சிடும்மா" என்றார். வானொலியில் பேசிப் பிழைக்கிறவளிடம் இதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது!

அவர் கேட்க நினைத்தது ஒரு 'டிக்' சத்தம். என்ஜின் ஓடும்வரை கம்ப்ரஸரின் கப்பி பெல்ட்டோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். ஏர்கோனைத் தட்டியதும் உள்ளே இருக்கும் காயில் மின்காந்தமாகி, முன்தட்டை இழுத்துக் கப்பியோடு ஒட்டவைக்கும். அந்தச் சத்தம்தான் 'டிக்'. அப்புறம்தான் கம்ப்ரஸர் வேலை செய்யும். எங்கள் காரில் கப்பி சுற்றியது. தட்டு அசையவே இல்லை.

கேஸ் தீர்ந்தாலும் இப்படி ஆகும். அழுத்தம் குறைந்தால் ஒரு சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. அதனால் நீலம், சிவப்புக் குழாய்கள் வைத்த கேஜை முதலில் மாட்டினார். இரண்டு முள்ளும் நூறைத் தாண்டி ஒரே அளவில் நின்றன. "எவ்ளோ கேஸ் இருக்குன்னு இத வச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஓடிப்போகல" என்றார். அடுத்து ரிலே. எங்கள் காரில் ஹார்னுக்கும் ஏர்கோனுக்கும் ஒரே மாதிரி ரிலே என்பதால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். ஹார்ன் அடித்தது, 'டிக்' வரவில்லை. கிளட்ச் வயரில் சோதனை விளக்கை வைத்ததும் அது எரிந்தது. கரண்ட் அதுவரை வந்துவிட்டது. கடைசியாகக் காயிலை மீட்டரில் பார்த்தார். நல்ல காயில் என்றால் மூன்று, நான்கு ஓம் காட்ட வேண்டும். மீட்டர் எதையும் காட்டவில்லை. காயில் உள்ளே அறுந்துவிட்டது.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. செலவில்லாத சோதனையில் தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போன அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. கம்ப்ரஸர் போச்சு என்று அவரும் சொல்லியிருந்தால் நான் நம்பிப் பணம் கட்டியிருப்பேன். காயிலை மட்டும் மாற்றினால் கேஸ் குழாயை அவிழ்க்கவே வேண்டாம். கூலியோடு இருநூற்று இருபது வெள்ளி.

சாமான் தாப்பாவிலிருந்து மோட்டாரில் வரவேண்டும். அதற்குள் அம்மா தெளிந்து, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று விசாரணையைத் தொடங்கிவிட்டார். அவருடைய அப்பா பால்வெட்டுத் தொழிலாளியாம். அம்மா பிறந்த தோட்டத்தில் இப்போது முழுக்கச் செம்பனை, லயங்கள் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது என்று சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கோயில் கிணறு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதாம், மூடிவைத்திருக்கிறார்களாம்.

பட்டறையில் வேலை பழகப் பையன்கள் வருவதில்லை. மின்சாரக் கார்களில் ஏர்கோன் கம்ப்ரஸருக்குப் பெல்ட்டே கிடையாது, உயர் அழுத்தப் பேட்டரியில்தான் ஓடுகிறது. "அதுல 'டிக்'கும் இல்ல, அந்த ஆரஞ்சு வயரத் தொட நான் படிக்கவும் இல்ல. இன்னும் ரெண்டு வருசம் பாப்பேன்" என்றார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் கடையை மூடச் சொல்கிறானாம்.

நான்கு மணிக்கு 'டிக்' கேட்டது. வழியில் ஒரு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டோம். தாப்பா தாண்டியதும் வலப்பக்க மலையில் லாத்தா கிஞ்சாங் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. அசாம் பொடியில் கொய்யாவைத் தொட்டுக்கொண்டே, அந்தத் தம்பியின் அப்பா எந்த டிவிஷன் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.