காய்ந்த துணியும் கார் பெயின்ட்டும்

காரைக் கெடுக்கிறது வெயில் மட்டும் இல்லைங்க, காலையில காய்ந்த துணியால துடைக்கிற நம்ம பாசமும்தான். பெயின்ட்டுக்கு மேல இருக்கிற கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லிசு. ரோட்டுத் தூசியில இருக்கிற குவார்ட்ஸ் மணலோ மோஸ் கடினத்தன்மை அளவுகோல்ல 7, கண்ணாடியையே கீறும். அதைத் துணியில வெச்சுத் தேய்ச்சா உப்புத்தாள் போட்ட மாதிரிதான். வெயில்ல தெரியிற அந்தச் சிலந்திவலைக் கோடெல்லாம் பெரும்பாலும் நம்ம கைவேலை.

அப்போ கழுவத் தண்ணிக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா ஹோஸ் வேண்டாம், ரெண்டு வாளி போதும்: ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணு துணியை அலச. முதல்ல தண்ணி ஊத்தித் தூசியை இளக்கிட்டு, கூரையில தொடங்கி கீழே வரணும். போர் தண்ணின்னா காயறதுக்குள்ள ஒத்தி எடுத்துடணும், இல்லேன்னா வெள்ளைத் திட்டு. ரெண்டு வாளித் தண்ணியும் இல்லாத நாள்ல தூசியோடவே விடுங்க. சும்மா கிடக்கிற தூசி கீறாது. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்போது அப்படி விட யாருக்குத்தான் தைரியம் இருக்கு?