பொன்னுருவியைக் காணோம்!

‘கர்ணன்’ படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், கை விரல்கள் போதாமல் கால் விரல்களையும் நான் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும். 1964-ஆம் வருஷப் பொங்கலுக்கு அது வெளிவந்தபோது நான் பிறக்கவேயில்லை. 2012 மார்ச்சில் புது மெருகு கொடுத்து மறுபடியும் வெளியிட்டார்களே, அப்போதுதான் அதைப் பெரிய திரையில் பார்க்கும் பாக்கியம் கிட்டியது. எனக்கு இடப் பக்கத்தில் கல்லூரிப் பையன்கள். வலப் பக்கத்தில் எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி. போர்க்களத்தில் கர்ணன் சாய்ந்து கிடக்க, சீர்காழி கோவிந்தராஜனின் குரல் கணீரென்று எழும்பியதுதான் தாமதம், இரண்டு பக்கமும் கைக்குட்டை வெளியே வந்துவிட்டது. நடுவில் இருந்தவள் என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள்.

அந்தத் தடவை படம் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. ஏன் ஓடாது? விசுவநாதன் - ராமமூர்த்தி ஷெனாயையும் சாரங்கியையும் வைத்துக் கொண்டு அஸ்தினாபுரத்தையே எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். ராமராவ் சிரித்தால் போதும், கண்ணனுக்கு வேறு வசனம் வேண்டாம். அசோகனின் துரியோதனன்கூட எனக்குப் பிடிக்கும். சிநேகிதனிடம் அவ்வளவு பிரியம் வைத்தவனை எப்படித்தான் வெறுப்பது?

சிவாஜியை ‘மிகை நடிப்பு’ என்று சொல்கிறவர்களுடன் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால், அவர்களை ஒரு தடவை எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக்கு அழைத்துப் போக ஆசை. ‘வி. சி. கணேசன்’ என்பதில் முதலெழுத்து விழுப்புரம் அல்லவா? 1928-இல் அவர் பிறந்த ஊர். வளர்ந்தது என்னவோ திருச்சியில்தான். இதைத் திருச்சிக்காரர்கள் நினைவூட்டினால் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குக் காது கேட்காது!

எங்கள் ஊர் அனந்தபுரம். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற திக்கில் இருக்கிறது. பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டிய பனைமலைக் கோயில் அங்கிருந்து அதிக தூரமில்லை. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் இருக்கிறது திரௌபதி அம்மன் கோயில். பாரதம் நடந்தது குருக்ஷேத்திரத்தில் என்று உலகம் சொல்லும். எங்கள் கிராமங்களில் வேனிற்காலம் பிறந்துவிட்டால், அது வருஷா வருஷம் ஊர்ப் பொட்டலிலேயே நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. மண்ணில் துரியோதனனை மலை மாதிரி படுக்க வைத்துப் படுகளம் நடத்தி, திரௌபதி கூந்தலை முடிந்த பிறகுதான் பெண்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

அந்தக் கூத்தில் கர்ணன் வருவதைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதன் மேலே கிரீடம் மட்டும் தெரியும். மிருதங்கமும் முகவீணையும் முழங்க, திரைக்குப் பின்னாலேயே பாட்டு ஆரம்பமாகிவிடும். திரை விலகியதும் தோளில் கட்டையும் மார்பில் பதக்கமுமாக ஒரு சுழற்சி. எங்கோ கடைசி வரிசையில், மடியில் குழந்தையைப் போட்டுக் கொண்டு தூங்கி வழிகிறவள்கூட நிமிர்ந்து உட்கார வேண்டும். அவளுக்காக ஆடுகிறவன் கண்ணிமையை மட்டும் அசைத்துவிட்டுப் போக முடியுமா?

இவ்வளவு பிரியமுள்ள ‘கர்ணன்’ படத்தின் மீது எனக்கு ஒரே ஒரு குறை. பொன்னுருவியைக் காணோம்!

‘யார் அந்தப் பொன்னுருவி?’ என்று பட்டணத்து வாசகிகள் கேட்கலாம். கூத்தில் கர்ணனின் மனைவி அவள்தான். ‘பொன்னுருவி மசக்கை’ என்று அவள் பேரில் ஒரு கதைப் பாடலே இருக்கிறது. வியாசர் கர்ணன் வீட்டு அடுப்படிப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. நம் ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். ராஜகுமாரியான பொன்னுருவி, தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனைக் கட்டிக் கொண்டோமே என்று மனம் கசந்தவள். ‘கர்ண மோட்சம்’ கூத்தில், பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் கர்ணன் அவளிடம் விடை பெற வருகிறான். அவள் இளகுவதில்லை. அவனுடைய குலத்தைச் சொல்லிச் சொல்லிக் குத்துகிறாள். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவன் சொந்த வீட்டு வாசலில் ஒரு நல்ல வார்த்தைக்குக் கை நீட்டி நிற்கிறான். அவன் குந்தியின் பிள்ளை என்பது அப்புறம்தான் அவளுக்குத் தெரிய வருகிறது. தெரிந்து என்ன செய்ய? தேர் புறப்படுகிற நேரமாகிவிட்டதே!

படத்தில் இருப்பவள் சுபாங்கி. தேவிகா அழகாகச் செய்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால், புருஷனிடம் அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. பிறப்பைக் கேவலமாகப் பேசுகிற வேலையைப் பெண்ணின் தகப்பனாரிடம் கொடுத்து, கதாநாயகியைக் காப்பாற்றிவிட்டார்கள். மாமனார் அவமதித்தால் எந்த ஆண்பிள்ளையும் மீசையை முறுக்கிக் கொண்டு வந்துவிடலாம். கூட வாழ்கிறவளே அவமதித்தால் எங்கே போவது? அந்தக் கேள்வியைப் பண்டரிபுரத்துப் பக்தி போலத் தொட்டுக் கும்பிட்டு ஒதுக்கிவிடாமல், விடிய விடிய வைத்துப் பேசுகிறது கூத்து. இதை எழுதியவர்களும் ஆடுகிறவர்களும் ஆண்கள்தான் என்பது வேடிக்கை. பொன்னுருவியாக வருகிறவரும் மீசையை மழித்துக் கொண்ட ஓர் ஆண்பிள்ளையே!

எங்கள் பக்கத்தில் ‘கர்ண மோட்ச’த்தைத் திருவிழாவில் மட்டும் ஆடுவதில்லை, கருமாதிக்கும் வைப்பார்கள். சில வருஷங்களுக்கு முன் என் மாமா காலமானபோது, அனந்தபுரத்தில் வீட்டு வாசலிலேயே வைத்தார்கள். மாமாவும் அத்தையும் ஒருவரோடொருவர் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. ‘சாப்பிட வரச் சொல்லு’ என்று அத்தை சொல்வாள். ‘பசியில்லேன்னு சொல்லு’ என்பார் மாமா. நடுவில் தூது போகிற குழந்தை நான். என்ன கோபம், எப்போது வந்த கோபம் என்று ஒருவருக்கும் தெரியாது.

காரியத்தன்று அத்தை கண்ணீர் விடவில்லை. உறவுக்காரப் பெண்கள் அதைப் பற்றி முணுமுணுத்தார்கள். ராத்திரி கூத்து நடந்தது. கட்டியங்காரன் விகடத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். அத்தை திண்ணைத் தூணில் சாய்ந்து பேசாமல் இருந்தாள். விடியற்காலையில், கர்ணன் விடை பெற்றுப் போன பிறகு பொன்னுருவி தலையை அவிழ்த்துப் போட்டுக் கொண்டு புலம்ப ஆரம்பித்தபோது, தூணருகிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முணுமுணுத்த பெண்கள் எல்லோரும் எழுந்து ஓடி, அத்தையைப் பிடித்துக் கொண்டார்கள்.

பொழுது விடிந்ததும், பாதி அரிதாரம் கலைந்த முகத்துடன் பீடியைத் தேடிக் கொண்டிருந்த ‘பொன்னுருவி’க்கு, அத்தை தன் கையாலேயே காப்பி கொண்டு போய்க் கொடுத்தாள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது டெலிவிஷனில் ‘கர்ணன்’ ஓடிக் கொண்டிருந்தது. அத்தை சிறிது நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. அவளை ஏன் கண்ணு விட்டுட்டாங்க?” என்றாள்.

“படத்துக்கு வேண்டாம்னு நெனச்சிருப்பாங்க, அத்தை. வச்சிருந்தா யாரைப் போட்டிருக்கலாம்? சாவித்திரி?”

“சாவித்திரி முகத்தைப் பாத்தா யாருக்கும் கோவம் வராதே! பானுமதியைப் போட்டிருக்கணும்.”

சாவித்திரி ஏற்ற பானுமதி பாத்திரத்தைச் சொல்லவில்லை, ‘ராஜா தேசிங்கு’வில் நடித்தாரே, அந்த பி. பானுமதியைச் சொல்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அத்தை பால் பொங்குகிறதென்று உள்ளே போய்விட்டாள்.