வாங்க முதல் உங்கட ஏற்றத்தில ஒருக்கா ஓட்டிப் பாருங்க



"சேர், அந்தக் கரண்ட் சைக்கிள் நல்லமா? எவ்வளவு போச்சு?" கடந்த 3 வாரமாக ஹெம்மாத்தகம டவுனில் எங்கே நின்றாலும் இந்தக் கேள்விதான். வீதியில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்க நேரம் கிடைப்பதில்லை, அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். விலையும் கடைப் பெயரும் எழுதப் போவதில்லை. ஒரு சைக்கிள் நமக்குச் சரிவருமா என்று காசு கொடுக்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், ஏன் சைக்கிள்? வீட்டிலிருந்து எங்கள் பாடசாலை 5 கிலோமீற்றர். தூரம் பெரிதில்லை, ஏற்றம்தான் பெரிது. போன் மேப்பில் பார்த்தால் 240 மீற்றர் உயர வேண்டும். பஸ் சந்தியோடு நின்றுவிடும். அதற்கு மேல் தேயிலைத் தோட்டத்து வழியில் நடை, அல்லது த்ரீவீலர். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் தந்தது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். அந்தக் காலத்தில்தான் பெற்றோலை நம்பாத ஒரு வழி வேண்டும் என்று மனதில் விழுந்தது.

இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. வாப்பாவுக்கு சீனி வருத்தம். காலில் 2 விரல் எடுத்தாகிவிட்டது. எனக்கு 36 வயது. போன வருடம் இரத்தம் சோதித்த டொக்டர், "எல்லையில நிக்கிறீங்க மாஸ்டர், உடம்ப அசைக்கோணும்" என்றார். சும்மா சைக்கிளில் இந்த மலை ஏறினால் முதலாம் பாடத்துக்கு வியர்வையில் தோய்ந்துபோய்த்தான் நிற்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போனால் உடம்பு அசையாது. மிதித்தால் மட்டும் மோட்டர் துணைக்கு வரும் சைக்கிள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. யமஹா நிறுவனம் 1993ல் ஜப்பானில் இப்படியான ஒன்றை முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. இதிலேயே தடித்த டயர், இலேசான கியர்கள், முன்பக்க ஷொக் உள்ள மலைப்பாதை வகைதான் மௌண்டன் பைக்.

காசு சீட்டில் வந்தது. 2 வருடம் கட்டிய சீட்டு. குசினிக் கூரை மாற்ற வைத்திருந்த காசு அது. வட்டிக்கு லீசிங் எடுக்க இருவருக்கும் விருப்பமில்லை. மனைவி மறுக்கவில்லை, ஒரு நிபந்தனைதான் போட்டா: "கடைக்கு முன்னால எல்லாம் நல்லாத்தான் ஈக்கும். எங்கட ஏத்தத்துல என்ன செய்யுதுண்டு பாத்துட்டு எடுங்க."

ஆசிரியர் கலாசாலையில் மதிப்பீடு படிப்பித்த விரிவுரையாளர் இதையே வேறு வார்த்தையில் சொல்லித் தந்திருக்கிறார். எதை அளக்க வேண்டுமோ அதை அளக்காத பரீட்சையில் 100 புள்ளி எடுத்தும் பலனில்லை. கடைக்கு முன்னாலுள்ள சமதரையில் 50 மீற்றர் ஓடுவது அப்படியான பரீட்சை. அங்கே எல்லா சைக்கிளும் சித்திதான்.

நான் 3 சைக்கிள் ஓட்டிப் பார்த்தேன்.

முதலாவது, கண்டியில் ஒரு கடையில். புத்தம் புதிது, மூன்றிலும் மலிவு. பின் சில்லின் நடுவில் மோட்டர் உள்ள வகை. முதலில் போன கடையில் ஏற்றத்துக்குக் கொண்டுபோக விடமாட்டோம் என்றார்கள், நன்றி சொல்லி வந்துவிட்டேன். அடுத்த கடையில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு தந்தார்கள். கண்டியில் ஏற்றத்துக்கா பஞ்சம்? ஏறத் தொடங்கியதும் புரிந்தது. பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் சென்சர் அதில். மெதுவாக மிதித்தாலும் பலமாக மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது ஒரு கணம் தாமதித்து, பிறகு திடீரென்று தள்ளியது. சில்லிலுள்ள மோட்டருக்கு சைக்கிளின் கியர் உதவாது. வேகம் குறையக் குறைய அது திணறும், சூடாகும். சமதரை ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்த சைக்கிள் போதும். எனக்குச் சரிவரவில்லை.

இரண்டாவது, நுவரெலியாப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒருவரிடம் அரை நாள் எடுத்தது. முன்னும் பின்னும் ஷொக். பெடலுக்கு அருகில் 85 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசையுள்ள மோட்டர். கால் கொடுக்கும் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப உதவுகிறது. கியரை இலேசாக்கினால் மோட்டருக்கும் இலேசாகிறது. வாங்க வசதியில்லை என்று தெரிந்துதான் எடுத்தேன். நல்லது எப்படி இருக்கும் என்று கால் ஒருமுறை அறிந்தால்தான் மற்றதை ஒப்பிட முடியும். அந்த வாடகையை டியூஷன் காசாக நினைத்தேன்.

மூன்றாவது, நம் ஊரிலேயே. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்த பாவித்த சைக்கிள். முன் ஷொக் மட்டும், நடுவில் மோட்டர், 500 வாட் மணி பெட்டரி. அவர் எனக்கு மச்சான் முறை. இங்கேதான் நம்மவர்களின் பெரிய சிக்கல். தெரிந்த ஆளிடம் வாங்கும்போது சோதித்துப் பார்ப்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். பிறகு ஒரு பழுது வந்தால் உறவும் போய்விடுகிறது. நான் நேராகக் கேட்டேன்: "மச்சான், ஒரு நாளைக்குத் தாங்க. பள்ளிக்கூடம் போற நேரத்துல, பேக்கோட ஓட்டிப் பாக்கோணும்." அவர் சிரித்துக்கொண்டு சார்ஜரையும் சேர்த்துத் தந்தார்.

ஓட்ட முதல் தரம் 10 பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுத்தேன். நான் 70 கிலோ, பேக் 6, சைக்கிள் 24. மொத்தம் 100 கிலோ. 240 மீற்றர் உயர்த்த எவ்வளவு சக்தி? 100 × 10 × 240 = 240,000 யூல். 3,600ஆல் பிரித்தால் ஏறத்தாழ 67 வாட் மணி. வீதி உராய்வும் மோட்டரின் வீண்செலவும் இதோடு சேரும். என் கால் கொடுப்பது கழியும். "அப்ப 100க்குள்ளதான் சேர் வரும்" என்றாள் முன் வரிசையிலிருந்த ஒரு பிள்ளை.

மறுநாள் காலை 6.30க்குப் புறப்பட்டேன். இரவு மழை பெய்திருந்தது. அன்று 2 முறை ஏறினேன். பெட்டரி 100லிருந்து 66க்கு வந்தது. ஒரு ஏற்றத்துக்கு சுமார் 85 வாட் மணி. பிள்ளை சொன்னது சரி. கடைகளில் சொல்லும் "ஒரு சார்ஜுக்கு 100 கிலோமீற்றர்" எல்லாம் மலைநாட்டு ஆட்களுக்கு உதவாத கணக்கு. நமக்கு எத்தனை ஏற்றம் என்பதுதான் கேள்வி. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் புகுந்து முழு நாடும் இருளானது மறந்திருக்காது. ஒரு நாள் சார்ஜ் போட முடியாமல் போனாலும் அடுத்த நாள் பாடசாலை போக வேண்டும். இதில் போகலாம்.

ஆனால் இறக்கத்தில் ஒரு குறை தெரிந்தது. ஈரத்தில் முன் பிரேக் கத்தியது, பிடி கைபிடி வரை வந்தது. பிரேக் பேட் தேய்ந்திருந்தது. மச்சானிடம் சொன்னேன். அவரே புதிது போட்டுத் தந்தார். சமதரையில் ஓட்டியிருந்தால் இது இருவருக்கும் தெரிந்திராது.

நீங்கள் ஓட்டிப் பார்க்கும்போது இவற்றைச் செய்யுங்கள்:

1. நாளாந்தம் தூக்கும் சுமையோடு ஓட்டுங்கள். சீட் உயரத்தையும் ஷொக்கின் காற்றையும் உங்கள் பாரத்துக்குச் சரிசெய்துவிட்டே ஏறுங்கள்.

2. மிகச் செங்குத்தான இடத்தில் வேண்டுமென்றே நின்று, அங்கிருந்து திரும்ப எடுங்கள். எதிரே தோட்டத்து லொறி வந்தால் இதைத்தான் செய்ய வேண்டிவரும்.

3. ஆகக் குறைந்த உதவியில் ஏறப் பாருங்கள். டர்போவில் எல்லாம் ஏறும், பெட்டரிதான் தாங்காது.

4. மோட்டரை நிறுத்திவிட்டு 200 மீற்றர் மிதியுங்கள். பிறகு இறங்கித் தள்ளுங்கள். 24 கிலோ எப்படியிருக்கும் என்று கை அறியட்டும். தள்ளும்போது உதவும் வசதி இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

5. நீண்ட இறக்கத்தில், முடிந்தால் ஈரத்தில், இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள்.

6. பாவித்ததென்றால் முழு சார்ஜில் தொடங்கி, முடிவில் மிச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விலையில் பெரிய பங்கு பெட்டரிதான். நடு மோட்டர் வகையில் செயினும் பின் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும், அதையும் பாருங்கள்.

7. எக்ஸிலேட்டர் வைத்த வகையானால், அதைப் பதிவு செய்ய வேண்டுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.

"இந்தக் காசுக்கு பழைய மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கலாமே" என்று சிலர் சொல்கிறார்கள். எடுத்திருக்கலாம். அவர்களின் கணக்கில் வாப்பாவின் கால் இல்லை, அதனால் நான் வாதாடுவதில்லை. மிதித்து எனக்கு என்ன பலன் என்பதை அடுத்த இரத்தச் சோதனை சொல்லும். குசினிக் கூரைக்குப் புதிய சீட்டு சேர்ந்துவிட்டோம். இந்த மழைக்கு ஒரு வாளி வைத்துச் சமாளிக்கிறோம்.

மலைப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியர்கள், தோட்டப் பக்கம் வியாபாரத்துக்குப் போகும் தம்பிமார் யாராவது இந்த வகையை ஓட்டிப் பார்க்க விரும்பினால் சனிக்கிழமை காலையில் வாருங்கள். என் சைக்கிளையே தருகிறேன். ஹெல்மெட் கொண்டு வாருங்கள். வீட்டு வாசலில் ஓட்ட விடமாட்டேன், ஏற்றத்துக்குத்தான் அனுப்புவேன்.