ஆறு பேரும் குலை வெட்டப் போனால்...



கோல சிலாங்கூர் வட்டாரத்துப் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் கேட்டு வரும் கேள்வி ஒன்றுண்டு. "சார், போக்கிமோன்னு ஒன்னு வெச்சி வெளையாடுறானே, அது என்ன சார்? விடலாமா, கூடாதா?" 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, இல்லிருப்புக் கற்றலுக்கென்று பல தோட்டத்துக் குடும்பங்கள் சிரமப்பட்டுத் திறன்பேசி வாங்கின. பாடம் மீண்டும் வகுப்பறைக்கு வந்துவிட்டது. திறன்பேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. பெற்றோரின் கவலை நியாயமானதே. எத்தனை மணி நேரம், எந்த நாளில் என்பதை வீடுதான் முடிவு செய்ய வேண்டும். ஆயினும், பிள்ளை அதற்குள் என்னதான் செய்துகொண்டிருக்கிறான் என்று அறியாமல் தடை விதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

1996ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்த விளையாட்டு இது. விந்தை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, மற்றொருவருடைய உயிரினங்களோடு மோதவிடுவதே அதன் சாரம். இன்று அவ்வுயிரினங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2016 ஆகஸ்டில் போக்கிமோன் கோ நம் நாட்டிற்கு வந்தபோது, திறன்பேசியை நீட்டியபடி சாலையோரம் நடந்த இளைஞர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் இங்கே பேச வருவது அந்த நடை விளையாட்டைப் பற்றியன்று. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் போட்டி ஆட்டத்தைப் பற்றி.

அதிகாரப்பூர்வப் போட்டியில் ஒவ்வொருவரும் ஆறு உயிரினங்களைக் கொண்டுவர வேண்டும். எதிராளியின் ஆறையும் பார்த்த பிறகு, தம்முடைய ஆறிலிருந்து நான்கை மட்டும் தேர்ந்து களமிறக்க வேண்டும். களத்தில் ஒரு நேரத்தில் இருவர் இருவராக நிற்பர். ஆறிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 15 வழிகள் உள்ளன. ஆக, நல்ல அணி என்பது ஒரே அணி அன்று. பதினைந்து அணிகளாக மாறத்தக்க ஆறு பேர்!

எங்கள் கணினிக் கழகத்தில் இவ்விளையாட்டை ஆடும் மாணவர் நால்வர் உள்ளனர். அவர்களுள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருக்கிறான். தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். இவனுக்கு வாசிப்பு தடுமாறும். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் நகராது. ஆனால் ஒரு நாள், சாரிசார்ட் என்னும் நெருப்புப் பறவை நாகத்தின் பலவீனங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அதைக் கேட்ட பிறகே இவ்விளையாட்டில் கணக்குப் பாடம் ஒன்று ஒளிந்திருப்பதை நான் கவனித்தேன்.

ஆசிரிய நண்பர்களுக்காக அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இதில் நெருப்பு, நீர், புல், மின்சாரம், பாறை எனப் 18 வகைகள் உண்டு. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும். ஓர் உயிரினத்திற்கு இரண்டு வகைகள் இருக்கலாம். அப்போது இரண்டின் விளைவையும் பெருக்க வேண்டும். சாரிசார்ட் நெருப்பும் பறத்தலும் கலந்தது. பாறை இரண்டுக்குமே பகை என்பதால் 2 × 2 = 4 மடங்கு அடி. நீர்த் தாக்குதல் 2 × 1 = 2. புல் அரை × அரை = கால் பங்கு. நிலத் தாக்குதல் 2 × 0 = 0; பறக்கிறதல்லவா, நிலம் அதிர்ந்தால் அதற்கென்ன! பின்னப் பெருக்கலில் அரையை அரையால் பெருக்கினால் ஏன் கால் ஆகிறது என்று கரும்பலகையில் எத்தனை வட்டம் வரைந்திருப்போம்? இவனுக்கு அது உயிர் போகும் கணக்கு. ஆகவே மறக்கவே மறக்காது.

புதிதாக ஆடத் தொடங்கும் பிள்ளைகள் அணி சேர்க்கும் முறை எங்கும் ஒன்றுதான். எது பெரியது, எது அழகு, எது பலமாக அடிக்கும் என்று பார்த்து ஆறையும் நிரப்பிவிடுவார்கள். எங்கள் கழகத்தில் முதலில் எழுதப்பட்ட அணிகளில் ஒன்றில் நான்கு நெருப்பு வகைகள் இருந்தன. எதிரில் ஒரே ஒரு நீர் உயிரினம் வந்து நின்றது. நான்கும் வரிசையாகச் சாய்ந்தன.

வேறு எப்படிச் சேர்ப்பது? பிடித்த ஒன்றிலிருந்தே தொடங்கட்டும்; அதில் தவறில்லை. ஆனால் அடுத்தவரைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "இன்னும் யார் பலசாலி?" என்பதன்று, "முதலாமவன் எதற்கு அஞ்சுகிறான், அதை யார் தாங்குவார்?" என்பதே. நெருப்பும் நீரும் புல்லும் சேர்ந்த மூவர் கூட்டு தொடக்கநிலையினர்க்கு ஏற்றது என்பது இதனால்தான். நெருப்பு அஞ்சும் நீரைப் புல் தாங்கும். புல் அஞ்சும் நெருப்பை நீர் தாங்கும். நீர் அஞ்சும் புல்லை நெருப்பு தாங்கும். அடுப்புக் கல் மூன்று போல.

அதற்கடுத்தது வேகம். யார் முந்தி அடிப்பது என்பது பாதி ஆட்டத்தைத் தீர்மானித்துவிடும். டெயில்விண்ட் என்ற உத்தி நான்கு சுற்றுகளுக்கு நம் பக்கத்தாரின் வேகத்தை இரட்டிப்பாக்கும். டிரிக் ரூம் என்று இன்னொன்று உண்டு. அது ஐந்து சுற்றுகளுக்கு வரிசையையே தலைகீழாக்கிவிடும். மெதுவானவன் முதலில் அடிப்பான்! டோர்கோல் என்னும் ஆமையின் அடிப்படை வேகம் வெறும் 20. அதுவரை யாரும் சீந்தாத அந்த ஆமை, டிரிக் ரூமில் எல்லாரையும் முந்திக்கொள்ளும். முயல் தூங்கினால்தான் ஆமை வெல்லும் என்ற பழைய கதையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பயிற்சிப் புள்ளிகள் குறித்தும் ஒரு சொல். வழக்கமான ஆட்டங்களில் ஓர் உயிரினத்திற்கு மொத்தம் 510 புள்ளிகள். ஒரு திறனுக்கு 252க்கு மேல் கூடாது. இரண்டு திறன்களுக்கு முழுமையாகக் கொடுத்தால் 504 போய்விடும். மீதி ஆறே ஆறு. எல்லாவற்றிலும் சிறந்தவனாக ஒருவனையும் ஆக்க முடியாதபடி விதியையே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இனி, நான் பலரிடம் சொல்லிச் சொல்லி மகிழும் நிகழ்வுக்கு வருகிறேன். 2014 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உலகப் போட்டி நடந்தது. தென் கொரியாவின் சே ஜுன் பார்க் என்னும் இளைஞர் தம் அணியில் பாச்சிரீசு என்ற சின்னஞ்சிறு அணிலைச் சேர்த்திருந்தார். ஜப்பானிய மொழியில் 'ரீசு' என்றாலே அணில்தான். அடிப்படைத் திறன்களைக் கூட்டினால் அதற்கு 405. அதே அணியிலிருந்த கார்ச்சோம்ப் என்னும் நாகத்திற்கு 600. உலக அரங்கில் அந்த அணிலை எதிர்பார்த்தவர் அரிது.

அணில் என்ன செய்தது? 'ஃபாலோ மீ' என்று எதிராளியைத் தன் பக்கம் திருப்பி, தோழன்மீது விழவேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொண்டது. அணியிலிருந்த கியாரடாஸ் நீரும் பறத்தலும் கலந்தது. மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு அடி. அணிலுக்கோ மின்சாரம் உணவு. மின்தாக்குதல் பட்டால் உயிர்ப்புள்ளி கால் பங்கு கூடும்! அதனிடம் 'சூப்பர் ஃபேங்' என்ற கடியும் இருந்தது. அது எதிரியின் எஞ்சிய உயிர்ப்புள்ளியில் சரிபாதியைப் பறிக்கும். கடிப்பவனின் பலம் அங்கே கணக்கிலேயே வராது. எதிரி எவ்வளவு பெரியவனோ அவ்வளவு பெரிய பாதி. பார்க் அவ்வாண்டு உலக வெற்றியாளரானார். சேது கட்டிய கதையில் அணிலை முதுகில் தடவிக் கொடுத்ததோடு விட்டுவிடுகிறோம். இந்த அணிலுக்கு அணியில் எழுத்துப்பூர்வமாக ஓர் இடம் கிடைத்தது.

நம் பாட்டிமார் தரையில் கரியால் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டம் நினைவுக்கு வருகிறதா? மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு எதையும் வெட்டாது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நின்று புலியை நகரவிடாமல் செய்துவிடும். திருக்குறளில் 'வலியறிதல்' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. தன் வலியோடு துணைவரின் வலியையும் எடைபோடச் சொல்கிறது அது. இவையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு அந்நியமான சிந்தனைகள் அல்ல.

எங்கள் பள்ளி, 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகளின் பட்டியலில் உள்ளது. பெயரில் தோட்டம் இருக்கிறது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் பெஸ்தாரி ஜெயாவுக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் அப்பாலும் குடிபெயர்ந்துவிட்டனர். இத்தகைய பள்ளிகளில் புதிர்ப் போட்டியா, கவிதை ஒப்புவித்தலா, கதை சொல்லுதலா, எதுவாயினும் அதே மூன்று பிள்ளைகள்தாம் அனுப்பப்படுகின்றனர். நம்மில் பலர் ஆண்டுதோறும் ஆறு சாரிசார்ட்டுகளைக் கொண்டே அணி அமைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் ஆசிரிய நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எஞ்சிய பிள்ளைகள் கைதட்டும் வேலையோடு ஆறாம் ஆண்டைக் கடந்துவிடுகின்றனர்.

ஆகவே கழகத்தில் ஒரு வேலை கொடுத்தேன். அணியிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பெயர், எதற்கு அஞ்சுவான், அணியில் அவன் வேலை என்ன, அவனுக்கு ஆபத்து வந்தால் யார் துணை என்பதெல்லாம் தமிழில் எழுதப்பட வேண்டும். நான் சொல்லிய அந்த மாணவன் முதல் அட்டையிலேயே நின்றுவிட்டான். ஓயாமல் அடித்து வீழ்த்துபவனை ஆங்கிலத்தில் 'ஸ்வீப்பர்' என்பார்கள். "பெருக்குபவன்" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே துடைப்பத்தை நினைத்துச் சிரித்தது. இவன் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு "வெட்டுக்காரன்" என்று எழுதினான். அடி தாங்குபவன் "தாங்கி". அணில் போலத் துணை செய்பவனுக்குச் சொல் தேட அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் அட்டையில் "முட்டுக்கொடுப்பவன்" என்று இருந்தது. வாழைமரத்திற்கு அவன் அம்மா முட்டுக்கொடுத்ததைப் பார்த்தானாம். 'ட்' விடுபட்டிருந்தது; திருத்திக் கொடுத்தேன். நான்கு வரி எழுதாத பையன் ஐந்து அட்டைகளை இரு பக்கமும் நிறைத்திருந்தான்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அந்த அட்டைகளை அவன் தந்தையின் முன் வைத்தேன். விளையாட்டை நிறுத்தச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார். மகன் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான். திக்கித் திக்கித்தான், ஆனால் கடைசி வரை. தந்தை அணில் அட்டையை மட்டும் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "சார், இது நம்ம வேலதானே? ஆறு பேரும் குலை வெட்டப் போயிட்டா உதிரிய யாரு பொறுக்குறது?" என்றார். செம்பனை அறியாத வாசகர்களுக்காக: நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலையை வீழ்த்துபவரே கண்ணுக்குத் தெரிவார். குனிந்து உதிரிப் பழங்களைப் பொறுக்குபவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நன்கு பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் மிகுதி. அவர் வீட்டில் உதிரி பொறுக்குபவர் அவர் மனைவி.

ஆயினும் அவர் முழுமனத்தோடு ஒப்புக்கொண்டுவிடவில்லை. "சனி, ஞாயிறு மட்டும்" என்று சொல்லிவிட்டார். அது சரியென்றே எனக்கும் படுகிறது. பெற்றோர்க்கு இன்னும் இரண்டு செய்திகள். பயிற்சி பெறக் காசு செலவழிக்கத் தேவையில்லை. 2011இல் தொடங்கிய போக்கிமோன் ஷோடவுன் என்னும் தளத்தில் உலாவி வழியாகவே இலவசமாக ஆடலாம். அங்கே முன்பின் அறியாதவரோடு எழுத்தில் உரையாடும் பகுதியும் உண்டு. எதிராளியின் பேச்சை மறைக்கும் வசதியை இயக்கிவிட்டு, பிள்ளை தன் உண்மைப் பெயரைக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோற்றால் ஆறையும் மாற்றிவிடத் துடிப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், அப்போதுதான் எது பிழை என்று தெரியும்.

இப்போது கழகத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவன் அணியில் சாரிசார்ட், கியாரடாஸ், அமூங்கஸ் என்னும் காளான், கார்ச்சோம்ப், பாச்சிரீசு ஆகிய ஐவர் உள்ளனர். ஆறாவதாக வோல்பீட் என்னும் மின்மினியைச் சேர்க்க வேண்டும் என்கிறான். கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் நம்மூர் மின்மினிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறென்ன கேட்பான்? மின்மினிக்குத் தகுதியும் இல்லாமலில்லை. பிராங்ஸ்டர் என்ற அதன் மறைதிறன் இருந்தால், டெயில்விண்ட் போன்ற துணை உத்திகளை மற்றவர்க்கு முந்திச் செய்துவிடும். ஆனால் அதற்குப் பாறை பகை. சாரிசார்ட்டுக்கும் கியாரடாசுக்கும் ஏற்கெனவே பாறை பகை. 'ராக் சிலைடு' என்னும் பாறைச்சரிவு ஒரே வீச்சில் இருவரையும் தாக்கும். அதை அணிலாலும் தன் பக்கம் திருப்ப முடியாது. "இரும்பு வகை ஒன்றைப் போடு" என்று தோழர்கள் மூவரும் வாதிடுகின்றனர். "கார்ச்சோம்ப் பாறையைத் தாங்குவான்" என்று இவன் மறுக்கிறான். "ஒருவனே எத்தனை பேருக்குத் தாங்குவான்?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். வரும் புதன்கிழமை இரண்டு அணிகளையும் ஆடிப் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆறாவது அட்டையில் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.